லடாக்: பாதைகள் மூடிய நாட்டில் பன்னிரண்டு நாட்கள்

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் படங்கள் காட்டி நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஏழு பேர் 2018 செப்டெம்பரில் லடாக்குக்குப் போய்வந்தோம். அந்த ஏழு பேரின் சார்பில்தான் இந்த உரை. யார் பேசுவது என்று கடைசிவரை இழுபறிப்பட்டு, ஏழு பேரும் எழுதிய குறிப்புகளை ஒன்றாக்கி வாசிப்பது என்று முடிவாயிற்று. ஆகவே எங்காவது ஒரே விடயம் இரண்டு தரம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஏன் லடாக்? எங்கள் குடாநாட்டில் மலை என்று பெயர் கொண்டிருப்பது கீரிமலை ஒன்றுதான். அதன் உயரத்தை இமயமலையைப் பார்த்துவந்த பின் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பில் எங்கள் புவியியல் மிஸ் கரும்பலகையில் நீலச் சோக்கால் சிந்து நதியை வரைவார். திபெத்தில் தொடங்கி, வடமேற்காக நெடுந்தூரம் ஓடி, நங்கபர்வதத்தைச் சுற்றி வளைந்து தெற்கே இறங்கும் அந்தக் கோட்டைக் கையை எடுக்காமல் வரைவார். "இந்த ஆறு மலைக்கு மூத்தது பிள்ளைகள். மலை எழும்ப எழும்ப ஆறு அறுத்துக்கொண்டே இருந்தது" என்பார். மிஸ் வடக்கே போனதெல்லாம் ஒரு தரம் காசிவரை மட்டுந்தான். அவர் காலமானபோது எங்களில் ஒருவர்கூட ஊரில் இல்லை. இரண்டு வருடம் கழித்து ரொரன்ரோவில் ஒரு கலியாண வீட்டில் நாலு பேர் சந்தித்தபோது, சிந்து நதியை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்ற கதை எழும்பியது. அதைப் பிடித்துக்கொண்டு திட்டம் போட்டவ எங்கள் லண்டன்காரி. பயணச்சீட்டு, அனுமதிப்பத்திரம், தங்குமிடம் எல்லாம் அவவின் உழைப்பு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுடில்லியிலிருந்து லே நகருக்கு விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். யன்னலால் பார்த்தால் பனிமலைகள் அலை அலையாகப் போகின்றன. இறங்கினால் ஒரு பச்சை இல்லை. மண்ணிறம், சாம்பல், செம்மஞ்சள், ஊதா என்று மலைகள் நிர்வாணமாக நிற்கின்றன. ஆண்டு முழுவதும் அங்கே விழும் மழை ஏறக்குறைய 100 மில்லிமீற்றர். எங்களுக்கு அது கார்த்திகையில் ஒரு நாள் விடாமல் அடிக்கும் மழை. பனி உருகி வரும் நீரை வாய்க்கால் வெட்டி ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பங்கிடுவதற்கு ஊரார் ஒருவரை நியமிப்பார்கள். அவருக்கு சுர்போன் என்று பெயர். கிணற்றில் முறைவைத்து இறைத்த வீடுகளில் பிறந்த எங்களுக்கு அவருடைய வேலையின் கஷ்டம் விளங்கியது. வாய்க்கால் போகும் இடத்தில் மட்டும் பொப்ளர் மரங்களும் பார்லி வயலும் பச்சைத் துணி விரித்தமாதிரி. அதற்கு ஒரு முழம் தள்ளினால் பாலைவனம்.

லே நகரின் உயரம் சுமார் 3,500 மீற்றர். பிதுருதலாகலையின் உச்சி 2,524 மீற்றர். அதாவது எங்கள் நாட்டின் மிக உயர்ந்த இடத்துக்கு மேலே இன்னும் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதை நாங்கள் படித்துத்தான் போனோம். படித்ததும் நடந்ததும் வேறு. ஒரு பயண முகவர் அனுப்பிய நிகழ்ச்சிநிரலில் முதல் நாள் பின்னேரம் கடைத்தெரு, இரண்டாம் நாள் அரண்மனை என்று இருந்தது. எங்களில் ஒருத்தி டொக்டர். இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழும்பக்கூடாது என்று அவ சொன்னா. வந்த உற்சாகத்தில் யார் கேட்டது? அரண்மனைக்கு ஏறினோம்.

ஏறினதற்குப் பலன் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒன்பது மாடி அரண்மனை அது. பதினேழாம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் என்ற அரசன் காலத்தில் கட்டிமுடித்தது. லாசாவின் பொத்தாலாவைப் பார்த்துக் கட்டியது என்று பலர் நினைப்பார்கள். ஆனால் இன்றுள்ள பொத்தாலா 1645 இல்தான் தொடங்கப்பட்டது, லே அரண்மனை அதற்கு மூத்தது. மேல்மாடியில் நின்று பார்த்தால் கீழே பள்ளிவாசல், பக்கத்தில் பௌத்த ஆலயம், நடுவில் கடைத்தெரு. அந்தத் தெரு ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டோம். முந்தி அங்கே போலோ விளையாடினார்களாம். வணிகக் கூட்டங்களும் வந்து தங்கினவாம்.

இங்கேதான் எங்கள் எண்ணம் மாறத் தொடங்கியது. உலகத்தின் மூலை ஒன்றுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருந்தோம். அது மூலையே அல்ல, நாற்சந்தி. வடக்கே 5,500 மீற்றருக்கு மேலே உள்ள காரகோரம் கணவாயைத் தாண்டி யார்க்கந்திலிருந்து கம்பளமும் பட்டும் வந்தன. பஞ்சாபிலிருந்து துணி, அவுரிச்சாயம், வாசனைத் திரவியம் போயின. சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகளின் பஷ்மினா உரோமம் லே வழியாகவே காஷ்மீரின் தறிகளுக்குப் போனது. 1684 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி லேயிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒரு தூதுக்குழு லாசாவுக்குப் போகும், லாசாவிலிருந்து தேயிலை வியாபாரி ஒருவர் லேக்கு வருவார். யார்க்கந்தி, காஷ்மீரி வணிகர்கள் லடாக்கிப் பெண்களைக் கலியாணம் செய்து அங்கேயே குடியிருந்தார்கள். அவர்களின் வழிவந்தோர் அர்கோன் என்று அழைக்கப்படுகிறார்கள்.

பிறகு, ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது. 1947, 48 சண்டையில் ஸ்கர்டு பக்கத்துப் பாதை போயிற்று. 1949 இல் சீனாவில் ஆட்சி மாறியபின் யார்க்கந்த் பாதை போயிற்று. அடுத்து லாசாப் பாதை. நாற்சந்தியாக இருந்த ஊர் இருபது வருடத்துக்குள் முட்டுச்சந்தாயிற்று. "தொலைதூரப் பிரதேசம்" என்று சுற்றுலாப் புத்தகத்தில் போடுகிறார்கள். ஏ9 பாதை மூடியிருந்த காலத்தில் யாழ்ப்பாணமும் கொழும்பிலிருந்து தொலைதூரப் பிரதேசமாகத்தானே இருந்தது? 400 கிலோமீற்றர் எப்போதும் 400 கிலோமீற்றர்தான்.

இரண்டாம் நாள் இரவு லண்டன்காரிக்குத் தலையிடி. முதலில் பகிடிபண்ணினோம். நடுச்சாமத்தில் சத்தி எடுக்கத் தொடங்கினா. டொக்டர் விரலில் மாட்டிப் பார்த்த கருவியில் ஒட்சிசன் அளவு எழுபதைத் தொட்டது. உதட்டில் நீலம். நேரே ஆஸ்பத்திரி. அன்றிரவு முழுவதும் ஒட்சிசன் கொடுத்தார்கள். நாங்கள் வெளியே வாங்கில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தோம். ஒருவரும் கதைக்கவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு ஏழு பேரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒருத்தியை மலையில் விட்டுவிட்டுப் போகப்போகிறோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பின்னர்தான் அதை ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம்.

காலையில் தேறிவிட்டா. கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "கர்துங் லாவுக்கு வாகனம் சொல்லியாச்சோ?" டொக்டர் சொன்னது, "பேசாமல் இரும். உமக்கு இந்தப் பிறவியில் கர்துங் லா இல்லை."

மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தோம். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு சுற்றுலாதான் என்று அப்போது தெரிந்தது. தங்கியிருந்த வீட்டு அம்மா வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த தேத்தண்ணி தந்தா. தேத்தண்ணி என்று நினைத்துக் குடித்தால் தொண்டைக்குள் போகாது. சூப் என்று நினைத்துக் குடித்தால் மிகவும் நல்லது. யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி தலைக்கு வைக்கக் கொண்டுபோன தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் மெழுகுதிரி மாதிரி உறைந்துபோனது. அதைக் கரண்டிக் காம்பால் தோண்டி எடுத்த படம் இதோ, திரையில் பாருங்கள்.

ஐந்தாம் நாள், லேயைவிடப் பதிவான இடம் என்பதால், ஏழு பேரையும் அல்சிக்குப் போக டொக்டர் அனுமதித்தா. வழியில் நிம்மு என்ற இடத்தில் வாகனத்தை நிறுத்தினார்கள். கீழே சன்ஸ்கார் நதி வந்து சிந்துவில் கலக்கிறது. ஒன்று சேற்று நிறம், மற்றது பச்சை. கொஞ்சத் தூரம் இரண்டும் கலக்காமல் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. மிஸ் வரைந்த நீலக் கோடு உண்மையில் நீலம் அல்ல. ஆற்றோரம் இறங்கிக் கையை வைத்தோம். விரல் விறைத்துவிட்டது. எல்லோரும் மிஸ்ஸைத்தான் நினைத்தோம். ஆனால் ஒருத்தியும் அதைச் சொல்லவில்லை.

அல்சி பற்றி இரண்டு மணித்தியாலம் பேசலாம், தலைவி விடமாட்டா. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடப் பழமையான ஆலயங்கள் அவை. மற்ற மடாலயங்கள் பல குன்றின் உச்சியில் இருக்க, இது ஆற்றங்கரைச் சமதரையில் அப்பிரிக்கொட் மரங்களுக்கிடையில் ஒளித்திருக்கிறது. சும்செக் என்ற மூன்று மாடி ஆலயத்துக்குள் குனிந்துதான் போகவேண்டும். உள்ளே இருட்டு. கமராவுக்கு அனுமதி இல்லை. ரோச் லைற்றை அடித்தால் மூன்று பக்கச் சுவரிலும் அவலோகிதர், மைத்திரேயர், மஞ்சுஸ்ரீ மூவரும் நிற்கிறார்கள். இரண்டாள் உயரத்துக்கு மேல். தலைகள் மேல்மாடிக்குள் போய்விட்டதால் கீழே நின்றால் முகம் சரியாகத் தெரியாது. தெரிவது அவர்கள் கட்டியிருக்கும் வேட்டி. அந்த வேட்டிகளில்தான் அதிசயம். ஒன்றில் கோயில்களும் மாளிகைகளும் குதிரைக்காரர்களும். ஒன்றில் புத்தரின் வாழ்க்கை. மூன்றாவதில் எண்பத்துநான்கு சித்தர்கள். காஷ்மீரத்து ஓவியர்களின் கைவண்ணம். அங்கே பௌத்தம் மறைந்து, அந்த ஓவிய மரபும் அழிந்தபின், அதைப் பார்க்க இங்கேதான் வரவேண்டியிருக்கிறது.

எங்களில் ஒருத்தி முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவ. அவ மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றா. "எல்லோரும் சாமியைப் பாருங்கோ, நான் சேலையைப் பார்க்கிறன்" என்றா. உண்மையாகவே அந்தக் கூரைப் பலகைகளில் வரைந்திருப்பது துணிகளின் கோலங்கள். பட்டுநெசவு, முடிச்சுச்சாயம், பூவேலை எல்லாம் வர்ணத்தில். பழங்காலத்தில் கூரையில் துணி கட்டுவார்கள், எங்கள் வெள்ளைகட்டுதல் மாதிரி. துணி உக்கிப்போகும், ஓவியம் நிற்கும். கழுத்து நோக நோகப் பார்த்து, வெளியே வந்து மரத்தடியில் இருந்து, தன் கொப்பியில் நாற்பது கோலங்களை வரைந்தா. அவற்றில் ஆறை இந்த மலரின் ஓரங்களில் அச்சிட மலர்க்குழு இணங்கியிருக்கிறது.

லாமாயுரு, திக்சே, ஹெமிஸ் பற்றியெல்லாம் படங்களே பேசும். விரைவாகத் தாண்டுகிறேன் என்று இந்தக் குறிப்பில் ஒருத்தி எழுதியிருக்கிறா, அப்படியே வாசிக்கிறோம்.

இனி வடக்கே நூப்ரா. அதற்குக் கர்துங் லாவைத் தாண்டவேண்டும். உச்சியில் இருந்த பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. சரியாக அளந்தவர்கள் சொல்வது 5,359 மீற்றர், அதாவது சுமார் 17,580 அடி. எண்ணூறு அடியைப் பலகையில் கூட்டிவிட்டார்கள்! படம் எடுப்பவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. லண்டன்காரி போகமுடியாது. அவவைத் தனியே விடமுடியாது. ஏழு பேரும் போவது, இல்லாவிட்டால் ஒருவரும் போவதில்லை என்று புறப்படும்போதே சத்தியம் செய்திருந்தோம். அன்றிரவு அது பெரிய வழக்காயிற்று. கடைசியில் லண்டன்காரி கோபத்தோடு, "ஒருத்தரும் போகாட்டில் நான் செய்த வேலை என்னத்துக்கு?" என்று கேட்டா. டொக்டர் தான் நிற்கிறேன் என்றா. நூப்ராவைப் பார்க்க எல்லோரையும்விட ஆசைப்பட்டவ அவதான். ஐந்து பேர் போனோம்.

கணவாயில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அப்பால் இறங்கினால் ஹுண்டரில் மணல்மேடுகள். அங்கே இரண்டு திமில் ஒட்டகங்கள் நிற்கின்றன. யார்க்கந்த் வணிகக் கூட்டங்களோடு வந்து, பாதை மூடியபின் திரும்பிப் போக இடமில்லாமல் நின்றவற்றின் வழித்தோன்றல்கள். இன்று பிள்ளைகளை ஏற்றிச் சவாரி போகின்றன.

ஷியோக் நதியோடு இன்னும் வடமேற்கே போனால் துர்துக். அங்கே பேசுவது பால்ட்டி மொழி, மக்கள் முஸ்லிம்கள். 1971 டிசெம்பர் வரை அந்த ஊர் பாகிஸ்தானின் கையில் இருந்தது. அந்த மாதச் சண்டையில் இந்தியா பிடித்தது. இரவில் ஒரு நாட்டில் படுத்து மற்ற நாட்டில் விழித்த ஊர். வேலைக்கும் படிப்புக்கும் ஸ்கர்டு பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். டோக்ரா அரசர் காலத்தில் லடாக்கின் அதிகாரி ஆறு மாதம் லேயிலும் ஆறு மாதம் ஸ்கர்டுவிலும் இருந்து ஆட்சி நடத்துவாராம். அவ்வளவு வழமையான போக்குவரத்து. இப்போது அந்த வழியால் போவது ஷியோக் நதி மட்டுமே. வெளியூரார் அங்கே போக அனுமதி கிடைத்ததே 2010 இல்தான்.

லேயைவிட ஐந்நூறு மீற்றராவது பதிவு என்பதால் துர்துக்கில் மூச்சு சுகம். அப்பிரிக்கொட், வால்நட், கோதுமைக்குள் பார்லி, இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் காய்ந்த பக்வீற் வயல். கற்களை அடுக்கிக் கட்டிய சிறு அறைகளில், இடுக்குகளால் குளிர்காற்று வர, வெண்ணெயும் இறைச்சியும் வைக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியே வேண்டாம். வாய்க்காலோரம் ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு வயதான அம்மா அப்பிரிக்கொட் பழங்களைப் பிளந்து, தட்டையான கூரையில் காயவைக்கக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தா. அங்கே அதற்கு சூலி என்று பெயர். எங்களை இருக்கச் சொன்னா. சும்மா இருக்க மனமில்லாமல் நாங்களும் பிளந்தோம். பேரன் ஆங்கிலம் படித்தவன், அவன்தான் மொழிபெயர்த்தான்.

அவவின் மூத்த தமையன் பதினைந்து வயதில் ஸ்கர்டுவில் படித்துக்கொண்டிருந்தாராம். அந்த டிசெம்பரில் விடுமுறைக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. பிறகு எத்தனையோ வருடம் கழித்து ஒரு கடிதம். இப்போது போனில் முகம் பார்க்கலாம். பேரன் படத்தைக் காட்டினான், வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவர். வீடு இருக்கும் ஊர் காக்கை பறக்கும் தூரம். தாய் இறந்தபோது அவருக்குச் செய்தி போய்ச் சேரப் பல மாதம்.

எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பிள்ளைகளோடு வெளியேறியவ. தாய், "நான் வீட்டைவிட்டு வரமாட்டேன், நீ பிள்ளைகளைக் கொண்டு போ" என்று சொல்லி நின்றுவிட்டா. வன்னி, கொழும்பு, பிறகு கனடா. எங்களுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் அவ அதைச் சொல்லி ஒருபோதும் நாங்கள் கேட்டதில்லை. அந்த முற்றத்தில், பழத்தைப் பிளந்துகொண்டே, அந்த ஆச்சிக்குச் சொன்னா. "எங்கட ஊரிலும் பாதை மூடியிருந்தது." பேரன் சொன்னான்.

ஆச்சி நிமிர்ந்து பார்த்துக் கேட்டா, "இப்போது திறந்தாயிற்றா?"

"ஓம். 2002 இல் திறந்தபோது போனேன்."

"அம்மா?"

"1998 இல் செத்துப்போனா."

பேரன் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. ஆச்சி கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய், போன வருடத்துக் காய்ந்த சூலி ஒரு சுளகளவு கொண்டுவந்து இவவின் மடியில் கொட்டினா. பிறகு மறுபடியும் கத்தியை எடுத்தா. நாங்களும் எடுத்தோம். வெயில் மலைக்குப் பின்னால் போகும்வரை அந்தக் கூடை முடியவில்லை. நல்லவேளை.

லேக்குத் திரும்பியபோது, நின்ற இருவரும் நாங்கள் இல்லாத நாட்களில் ஊரையே உறவாக்கியிருந்தார்கள். டொக்டர் வீட்டுக்காரருக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தா. லண்டன்காரி அடுப்படியில் இருந்து துக்பா செய்யப் பழகியிருந்தா. சூலியை ஏழாகப் பங்கிட்டோம். துர்துக் கதையை இரண்டு தரம் சொல்லச்சொல்லிக் கேட்டா.

2019 ஒக்டோபர் 31 இலிருந்து லடாக் தனி ஒன்றியப் பிரதேசம். அனுமதி விதிகள் மாறலாம். போக விரும்புகிறவர்கள் மூன்று நான்கு மாதம் முந்தியே பத்திரங்களைக் கவனியுங்கள். ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரைதான் வசதி. குளிர்காலத்தில் மணாலிப் பாதையைப் பனி மூடிவிடும். முதல் இரண்டு நாள், முழுதாக இரண்டு நாள், படுத்தே இருங்கள். நிகழ்ச்சிநிரலில் என்ன போட்டிருந்தாலும் சரி. தேங்காயெண்ணெய் வேண்டாம்.

லண்டன்காரி அடுத்த பயணத்துக்கு இப்போதே பட்டியல் தொடங்கிவிட்டா. இம்முறை டில்லியிலிருந்து பறக்காமல், ஸ்ரீநகரிலிருந்து தரைவழியாக, கார்கிலில் இரண்டு இரவு தங்கி, மெல்ல மெல்ல ஏறுவதாம். டொக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. பெயர் கொடுக்க விரும்புவோர் தேநீருக்குப் பிறகு செயலாளரின் மேசையில் உள்ள கொப்பியில் எழுதலாம். பக்கத்தில் ஒரு தட்டில் காய்ந்த சூலி வைத்திருக்கிறோம். துர்துக்கில் தந்ததில் மிச்சம், ஆளுக்கு ஒன்றுக்கு மேல் எடுக்கவேண்டாம்.